பத்மினியா, ஹெரால்டா, மாருதி 800-ஆ: வீட்டு ஷெட்டில் புதுப்பிக்க எந்தப் பழைய கார்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டில் சொந்தக் கையால் சரிசெய்ய நினைப்பவர் முன் நடைமுறையில் மூன்று வண்டிகள்தான் நிற்கின்றன. ஒன்று, பிரீமியர் பத்மினி. அதற்கு முன்னோடியான ஃபியட் 1100 டிலைட்டும் இதே கணக்கு. இரண்டாவது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றாவது, கார்ப்பரேட்டர் வைத்த மாருதி 800.

விற்பவர் முதலில் எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து காட்டுவார். அதில் மயங்க வேண்டாம். எஞ்சின் சுற்றாமல் பிடித்துக் கிடந்தாலும் பரவாயில்லை. ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட் வெட்டுவது எல்லாம் நம் ஊரிலேயே நடக்கும் வேலை. பிளாக்கையும் ஹெட்டையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வரலாம். துருப்பிடித்த பாடியை அப்படிக் கொடுத்துவிட்டு வர முடியாது. அதை உங்கள் ஷெட்டில், உங்கள் கையால், அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்ட வேண்டும். வீட்டில் தொடங்கிய வேலைகள் பாதியில் நின்றுபோவதற்குத் தகடுதான் பெரும்பாலும் காரணம். அதனால் இந்த ஒப்பீட்டில் முதல் கேள்வி தகடு, இரண்டாவது ஸ்பேர், எஞ்சின் கடைசி.

தகட்டைப் பார்ப்பது எப்படி

மூன்று வண்டிக்கும் ஒரே சோதனைதான். மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், ஒரு திருப்புளி, டார்ச், ஜாக்கி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, மட்கார்டின் கீழ் விளிம்பு, டிக்கியின் தரை, பேட்டரி வைக்கும் தட்டு, முன் கால் வைக்கும் தரை என்று ஒவ்வொரு இடத்திலும் காந்தத்தை வையுங்கள். பிடிக்காமல் நழுவினால் உள்ளே இருப்பது தகடு அல்ல, பள்ளத்தை அடைக்கப் பூசும் பட்டி. மிதியடியைத் தூக்கித் திருப்புளியின் பிடியால் தரையைத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். கதவை மூடி, கதவுக்கும் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்து வையுங்கள். பிறகு கம்பெனி குறித்த ஜாக்கி பாயின்ட்டில் ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். இடைவெளி மாறினாலோ, கதவு திறக்கச் சிரமப்பட்டாலோ, பத்மினியிலும் மாருதியிலும் பாடியே தன் எடையைத் தாங்கவில்லை என்று பொருள். இந்த இரண்டுக்கும் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். அப்படிப்பட்ட வண்டியை முதல் தடவை செய்பவர் தொடவே கூடாது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பத்மினி: கைவேலைக்குப் பணியும் வண்டி

மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த இந்த வண்டியில் 1089 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர் விட்டம் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். எஞ்சின் முன்னால், இழுப்பு பின் சக்கரத்தில். பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இருபுறமும் கை நுழைய இடம் இருக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடையாது.

நட்டும் போல்ட்டும் மெட்ரிக் அளவு. 8 முதல் 22 மி.மீ. வரை ஒரு ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் பெரும்பாலான வேலை ஓடும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல், ஃபயரிங் வரிசை 1-3-4-2. கம்ப்ரஷன் பார்க்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தால், குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் காஸ்கெட்டோ காரணம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் முதலில் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

ஆண்டுக்கணக்கில் நின்று பிடித்துப்போன எஞ்சினை செல்ஃப் அடித்தோ, தள்ளியோ சுற்றவைக்கக் கூடாது, ரிங் உடையும். பிளக் துவாரங்களில் கெரசினும் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் விடும். விட்ட பிறகு பழைய ஆயிலை வடித்துவிட்டு, புது 20டபிள்யூ-50 ஊற்றிய பின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பத்மினி தேயும் இடங்கள் தெரிந்தவைதான். முன் சஸ்பென்ஷனில் கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு முளை. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். புது புஷ் அடித்த பிறகு கிங்பின்னுக்கு ஏற்ப ரீமர் (துளையைத் துல்லியமாக அகலப்படுத்தும் கருவி) ஓட்டியே ஆக வேண்டும். ரீமர் இல்லாமல் தட்டி ஏற்றினால் ஸ்டீயரிங் இறுகிப்போய், திருப்பினால் தானாகத் திரும்பி வராது. பிறகு 1,500 கி.மீ.க்கு ஒரு முறை கிரீஸ் அடித்தால் நீண்ட நாள் உழைக்கும். ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் லீவரின் இணைப்பு புஷ்கள் தேய்ந்தால் கியர் விழாது. இதைப் பார்த்துவிட்டு கியர் பாக்ஸையே கழற்றச் சொல்பவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். அந்தப் புஷ்களை லேத்தில் பித்தளையிலோ நைலானிலோ கடைந்து போடலாம். முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதும் கியர் சத்தமின்றி விழ உதவும் அமைப்பு) கிடையாது என்பதால் வண்டி நின்ற பிறகே முதல் கியர் போட வேண்டும்; ஓடும்போது போட்டால் கரகரவென்று சத்தம் வருவது பழுது அல்ல.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நின்ற வண்டியில் வீல் சிலிண்டருக்குள் துருக்குழி விழுந்திருக்கும். லேசான கறை என்றால் ஹோன் செய்து (உள்சுவரை உரசி வழவழப்பாக்கி) புது ரப்பர் கிட் போடலாம். நகத்தில் தட்டுப்படும் குழி என்றால் சிலிண்டரையே மாற்றுங்கள். குழிவிழுந்த சிலிண்டரில் புது வாஷர் சில வாரத்தில் கசிந்துவிடும், கசிந்த ஆயில் லைனிங்கில் ஊறினால் லைனிங்கும் வீண். ரப்பர் பாகங்களை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, ஊதிப்போகும். பிரேக் ஆயிலில் மட்டுமே கழுவுங்கள். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் வர வேண்டும்.

இனி பத்மினியின் பலவீனமான இடம்: கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டித் தகடு. உள்ளே ஈரம் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஒழுங்கு உண்டு. பேட்டரி இணைப்பையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றுங்கள். வண்டியைச் சமதரையில் நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள். வெட்டுவதற்கு முன் கதவுத் துவாரத்தின் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு வைத்து, தூண்கள் விலகாமல் கட்டுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். உள் தகட்டுக்கு 18 கேஜ், வெளித் தகட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு) போதும். தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் வெல்டு தாங்கும் ஜிங்க் பிரைமர் அடித்துவிட்டு, 25 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக, இந்த முனை, அந்த முனை, நடு என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே ஓட்டமாக இழுத்தால் தகடு நெளியும். இந்த வேலைக்கு மிக் வெல்டிங்தான் (கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்) சரி. கேஸ் வெல்டிங்கின் சூடு அகலமாகப் பரவி பேனலை வளைத்துவிடும். தண்ணீர் வடியும் துவாரங்களை அடைக்காதீர்கள். முடித்தபின் உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு திரவத்தைக் குழாய் விட்டு அடிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் வெல்டின் பின்பக்கம் முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும்.

ஸ்பேர் நிலவரம் இப்போதைக்கு நன்றாகவே இருக்கிறது. மும்பை டாக்ஸியாக இந்த வண்டி பல பத்தாண்டு ஓடியதால்தான் பாகங்கள் இத்தனை காலம் செழிப்பாகக் கிடைத்தன. அந்த டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன. எனவே கிடைக்கும்போதே வாங்கி வைக்க வேண்டியவை உண்டு: ஹெட் காஸ்கெட் இரண்டு, மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, வாட்டர் பம்ப், கிங்பின் செட், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கதவு ரப்பர். சென்னை ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் 140 கி.மீ.க்குள் இருப்பது வேலூர்க்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. இந்தப் பக்கம் பெங்களூரு ஜே.சி. ரோடும் ஒரு நாள் பயணத்தில் முடியும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வருடத்துக்கு வருடம் சின்ன மாற்றங்கள் இருக்கும், பெயரைச் சொல்லி வாங்கினால் திரும்ப அலைய வேண்டி வரும்.

ஹெரால்டு: சேசிஸ் நல்லதென்றால் மட்டும்

சென்னைக்கு அருகே வண்டலூரில் 1960-களில் தயாரான வண்டி. நம் மாநிலத்துக் கார் என்ற பாசம் இதன்மேல் பலருக்கும் உண்டு, அது நியாயமானதும்கூட. 948 சிசி எஞ்சின். தனிச் சேசிஸ், பாடி துண்டு துண்டாக போல்ட்டில் இணைக்கப்பட்டது. பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை செய்யலாம். அந்தச் சுகம் வேறு எந்தக் காரிலும் இல்லை. ஆனால் பானட் சாய முன்னால் ஒரு மீட்டராவது காலியாக வேண்டும். சின்ன ஷெட்டில் இது இடிக்கும்.

பாடி அரித்திருந்தாலும் ஹெரால்டு ஒடிந்து விழாது, ஏனென்றால் எடையைத் தாங்குவது சேசிஸ். அதனால் இதில் சேசிஸைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்: பக்கவாட்டில் நீளும் கைகள், பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடம், டிக்கிக்குக் கீழே உள்ள நீட்சி. சேசிஸ் உறுதியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிதானமாகச் செய்யலாம்.

இந்த வண்டியில் உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு பரவலாக நடக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் டிரன்னியன் என்ற திருகுப் பித்தளைப் பாகம் இருக்கிறது. அதற்குப் போக வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். சர்வீஸ் ஸ்டேஷனில் மற்ற இடங்களோடு சேர்த்து இதற்கும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் திருகின் அடிவரை இறங்காமல் காய்ந்து கெட்டியாகும், தண்ணீர் புகும், தண்டின் மரை துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். வாங்கியதும் இரண்டு பக்கமும் கழற்றி, பழைய கிரீஸை முழுக்கச் சுரண்டி, மரையில் குழியோ கீறலோ இருந்தால் தண்டையே மாற்றுங்கள். கிரீஸ் கன் ஒன்றில் கியர் ஆயில் நிரப்பி இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டு, 5,000 கி.மீ.க்கு ஒரு முறை, புது ஆயில் வெளியே கசியும் வரை அடியுங்கள்.

மற்றவை சுருக்கமாக: நட்டு போல்ட்டு இன்ச் அளவு, 7/16, 1/2, 9/16 ஸ்பேனர் வேண்டும், 1/2 இன்ச் தலையில் 13 மி.மீ. ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். டேப்பட் இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 10 தௌ, அதாவது 0.25 மி.மீ. முற்கால வண்டிகளில் பாடிக்குப் போவது பேட்டரியின் பாசிட்டிவ். இதைக் கவனிக்காமல் மாற்றி மாட்டினால் டைனமோவும் புதிதாகப் போட்ட எலக்ட்ரானிக் சாமான்களும் போகும். ஹெட் இரும்பு, வால்வு சீட் அதிலேயே வெட்டியது. அந்த சீட்டைக் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-க்குப் பிறகு இல்லாததால், நெடுஞ்சாலையில் அழுத்தி ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஹெட் கழற்றும் நாளிலேயே கடினமான சீட் வளையம் பதித்துவிடுவது நல்லது.

ஸ்பேர்தான் ஹெரால்டின் தடை. எஞ்சின் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். நம் ஹெரால்டின் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு அங்கே இன்னும் தயாரிக்கிறார்கள். ஆனால் நம் நாட்டு நான்கு கதவு மாடலின் கதவு, கண்ணாடி, கிரில் இவற்றை அங்கே தேடிப் பயனில்லை. இவை முழுமையாக இல்லாத ஹெரால்டை வாங்க வேண்டாம்.

மாருதி 800: ஓட்டுவதற்காகச் செய்பவர்களுக்கு

1983 டிசம்பரில் வந்த முதல் மாடல் எஸ்.எஸ். 80. 1986-ல் மாறிய உடல்வாகுதான் நாம் தெருவில் பார்த்துப் பழகியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், இழுப்பு முன் சக்கரத்தில். இதே குடும்ப எஞ்சின் ஆம்னியில் 2019 வரை வந்ததால் பிஸ்டன், ரிங், காஸ்கெட், வாட்டர் பம்ப் எல்லாம் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும்கூடக் கிடைக்கும். எடை 650 கிலோவை ஒட்டி; நீளம் 3.3 மீட்டர். சின்ன ஷெட்டிலும் சுற்றி நடக்க இடம் மிஞ்சும்.

எஸ்.எஸ். 80 சேகரிப்பாளர்கள் தேடும் வண்டி, ஆனால் அதன் லைட், கண்ணாடி, உள் அலங்காரப் பாகங்கள் அரிது. முதல் முயற்சிக்கு 1986-க்குப் பிந்தையதே புத்திசாலித்தனம்.

இதிலும் சிக்கல் தகடுதான், வேறு விதத்தில். தகடு மெல்லியது. துருப்பிடித்த இடத்தில் வெல்டு வைத்தால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். 0.6 மி.மீ. கம்பி போட்ட மிக் மெஷினில், கரண்டைக் குறைத்து, நல்ல தகடு வரும்வரை வெட்டிய பிறகே ஒட்ட வேண்டும். பானட்டுக்குள் ஷாக் அப்சர்பர் மேல் முனை மாட்டும் வட்டத்தை முதலில் பாருங்கள். அங்கே விரிசலோ துருவோ இருந்தால் விட்டுவிடுங்கள். பானட், மட்கார்டு போன்ற போல்ட்டில் கழலும் பேனல்கள் புதிதாகவே கிடைப்பதால் அவற்றை ஒட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாங்கியதும் டைமிங் பெல்ட்டை மாற்றுங்கள். பழைய பெல்ட்டின் வயதை விற்பவர் சொல்வதை வைத்து நம்ப முடியாது. ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்த எஞ்சின் என்றால் ஹெட்டைக் கழற்றி, நேர்விளிம்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் கடைசல் வேண்டும்.

நம் ஊர் வெயில், தண்ணீர், பெட்ரோல்

வேலூர் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மூன்று வண்டியிலும் இதைத் தாங்கச் சில வேலைகள் பொது.

போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. நம் பக்கத்துத் தண்ணீர் கடினமானது. உப்பு படிந்து ரேடியேட்டர் குழாயும் பிளாக்கின் பின் சிலிண்டர் சுற்றும் அடைபடும். பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்ட் தண்ணீரோடு கூலண்டை மூன்றில் ஒரு பங்கு கலந்தால் போதும். இங்கே பனி உறையாது, கூலண்ட் துருவைத் தடுக்கத்தான். சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை விட வேண்டும். சூட்டின் காரணம் அடைபட்ட ரேடியேட்டரிலோ தளர்ந்த ஃபேன் பெல்ட்டிலோ இருக்கும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும்.

பங்கில் இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை மெல்லக் கரைக்கும். பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, பம்ப் டயாஃப்ரத்தையும் புதிதாகப் போடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு பிடிக்கும், கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி சேரும். வெயிலில் ஓடி நின்ற வண்டி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெரும்பாலும் குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள், கார்ப்பரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்க இருக்க வேண்டிய பேக்கலைட் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயின்டிங்கை ஷெட்டில் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதுவரை தகட்டைக் காக்க எபாக்ஸி பிரைமர் அடியுங்கள்; சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், ஐப்பசி மழைக்கு அடியில் துரு வந்துவிடும். எஞ்சின் தூக்குவதற்கு ஷீட் போட்ட கூரையின் கம்பியில் செயின் பிளாக் மாட்டாதீர்கள். வாடகைக்கு எஞ்சின் கிரேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. விஷயம்

15 ஆண்டு தாண்டிய காருக்கு எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி 5 ஆண்டுக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 20 ஆண்டு தாண்டியவற்றுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-ல் உயர்ந்திருப்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அதையும் பட்ஜெட்டில் சேருங்கள். 50 ஆண்டு நிறைந்து, மாற்றம் செய்யாத வண்டி என்றால் 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதில் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது தவிர அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. ஏலகிரிக்கும் ஸ்ரீபுரத்துக்கும் குடும்பத்தோடு போக ஆசைப்படுபவர் சாதாரணப் பதிவிலேயே வைத்திருப்பதுதான் சரி.

யாருக்கு எது

வாரத்தில் ஒரு நாள்தான் நேரம், ஒரு வருடத்துக்குள் ஓட்ட வேண்டும் என்றால் மாருதி 800. வேலையைக் கற்பதே ஆசை, இரண்டு மூன்று வருடம் பொறுக்க முடியும், 10-க்கு 20 அடி ஷெட் இருக்கிறது என்றால் பத்மினி. எங்கள் முதல் ஓட்டு இதற்குத்தான், கதவுக்கு அடித் தகடு நன்றாக இருக்கும் பட்சத்தில். ஹெரால்டு இரண்டாவது வண்டியாக வரட்டும். முதல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பாகங்களைத் தேட அவசரம் இருக்காது.

எதை எடுத்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். சேசிஸ் எண் குத்திய தகடே அரித்துப் படிக்க முடியாமல் போயிருந்தால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எஃப்.சி.யில் நிற்காது, அந்த வண்டியை ஸ்பேருக்காக மட்டும் வாங்கலாம்.